போட்டதை எடுக்கணும்

வானொலியில் மௌனத்துக்கு ஐந்து விநாடிதான் ஆயுள். ஆறாவது விநாடியில் ஒலிபரப்புக்கூடத்துத் தொலைபேசி அலறும். "என்னாச்சு? ஏன் சத்தமே வரல?" என்று மேலிடத்திலிருந்து யாராவது கேட்பார்கள். பன்னிரண்டு ஆண்டுகளாக அந்த ஐந்து விநாடிக்குப் பயந்தே பிழைப்பு நடத்துகிறவள் நான். பாட்டு முடிவதற்குள் பேச்சு தயாராக இருக்க வேண்டும்; பேச்சு முடிவதற்குள் அடுத்த பாட்டு தயாராக இருக்க வேண்டும்.

அப்படிப்பட்ட என்னைச் சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, மணிலாவில் பச்சைத் துணி விரித்த மேசை ஒன்றில் ஒன்பது பேரில் ஒருத்தியாக உட்காரவைத்து, ஏறக்குறைய பத்து மணி நேரம் வாயைக் கட்டிப்போட்டது ஒரு போக்கர் போட்டி.

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல மாதம் யோசித்தேன். இந்தப் பக்கங்களைக் குடும்பத்தோடு படிப்பவர்கள் இருக்கிறீர்கள். "காலையில ரேடியோவுல திருக்குறள் சொல்லிட்டு, லீவுல சூதாடப் போறாளா?" என்று யாராவது கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. கடைசியில் "எழுது" என்று சொன்னவர் என் அம்மாதான். "எழுதுறதா இருந்தா உங்கப்பா கதையையும் சேர்த்து எழுது. பாதியை மட்டும் எழுதாதே" என்றார்.

அதனால் முதலில் அப்பா.

குப்பைக் குழாயில் போன சீட்டுக்கட்டு

நான் வளர்ந்த ஈசூன் மூவறை வீட்டில் சீட்டுக்கட்டுக்கு இடம் கிடையாது. எட்டு வயதில், பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பழைய கட்டு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். 'கழுதை' ஆடத்தான். அம்மா திட்டவில்லை. கட்டைக் கையிலிருந்து வாங்கினார், சமையலறையில் இருந்த குப்பைக் குழாயின் மூடியைத் திறந்தார், உள்ளே போட்டார். ஒன்பது மாடி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு நான் கேட்கவும் இல்லை, அவர் விளக்கம் சொல்லவும் இல்லை.

அப்பா டாக்சி ஓட்டினார். கலகலப்பானவர். வண்டியில் ஏறும் பயணி இறங்குவதற்குள் அவருடைய சொந்த ஊர், சம்பந்தி வீடு எல்லாம் தெரிந்து வைத்துக்கொள்வார். எனக்கு இருக்கும் வாய் அவர் கொடுத்ததுதான். வாரம் முழுவதும் நாலு நம்பர் எடுப்பார். வார இறுதியில் குதிரை. பத்திரிகையின் பந்தயப் பக்கத்தில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைத்திருப்பார். தோற்றுவிட்டு வரும் நாள்களில் அம்மா எதுவும் கேட்பதற்கு முன்பே அவரே சொல்லிவிடுவார்: "இன்னும் ஒரு தடவைதான். போட்டதை எடுக்கணும்ல."

போட்டதை எடுத்துவிட்டால் நிறுத்திவிடுவேன் என்று அதற்குப் பொருள். எடுக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை.

எங்கள் கூடத்தில் என் ஆறு மாதப் படம் ஒன்று இன்றும் மாட்டியிருக்கிறது. மொட்டைத் தலை, நெற்றியில் திருஷ்டிப் பொட்டு, இரண்டு கைகளிலும் தங்கக் காப்பு. அந்தக் காப்பு இப்போது எங்கே என்று நான் கேட்டதே கிடையாது. எங்கள் வீட்டிலிருந்து அடகுக் கடைக்குப் போன எதுவும் திரும்பி வந்ததில்லை என்பது சொல்லாமலே தெரிந்த செய்தி.

2010ல் சிங்கப்பூரில் இரண்டு சூதாட்டக் கூடங்கள் திறந்தன. சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக ஒரு நாளுக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. 2019ல் அது 150 வெள்ளி ஆனது. சாதாரண மக்கள் யோசித்துவிட்டுத் திரும்பிப் போகட்டும் என்பதற்காக வைத்த கட்டணம் அது. அப்பாவிடம் அது தலைகீழாக வேலை செய்தது. "நுழையவே 100 வெள்ளி கட்டியிருக்கேன். அதை எடுக்காம எப்படி வர்றது?" என்பார். அந்த 100 வெள்ளியை எடுப்பதற்காக இன்னொரு 400 போகும்.

மறு ஆண்டு அம்மா குடும்ப விலக்கு ஆணைக்கு விண்ணப்பித்தார். சூதாட்டத்தால் குடும்பத்துக்குப் பாதிப்பு வருகிறது என்று மனைவியோ பிள்ளைகளோ காட்டினால், மதிப்பீட்டுக் குழு விசாரித்து, அந்த நபரைச் சூதாட்டக் கூடத்துக்குள் விடாமல் தடுக்கும் ஏற்பாடு அது. அப்போது நான் ஊடகவியல் பட்டப்படிப்பில் இருந்தேன். அம்மாவுக்கு ஆங்கிலத்தில் எழுத வராது. விண்ணப்பத்தை நிரப்பியது நான். 'உங்களுக்கும் அந்த நபருக்கும் என்ன உறவு?' என்ற கேள்விக்கு அம்மா சொல்லச் சொல்ல 'கணவர்' என்று எழுதினேன்.

அப்பா இரண்டு வாரம் எங்கள் இருவரிடமும் பேசவில்லை. பிறகு ஒரு நாள் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி, "நல்ல வேலை செஞ்சீங்க" என்றார். 2017ல் காலமாகும்வரை அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

எனக்குப் பிடித்துப்போன ஆட்டம்

இப்படிப்பட்ட வீட்டுப் பெண் போக்கர் மேசைக்கு எப்படிப் போனாள்?

2022 ஆகஸ்ட் 1ஆம் தேதி நடப்புக்கு வந்த புதிய சட்டம், குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டுக்குள் பொழுதுபோக்காகக் காசு வைத்து விளையாடுவதை அனுமதித்தது. யாரும் அதைத் தொழிலாக நடத்தி லாபம் பார்க்கக் கூடாது என்பது நிபந்தனை. அதன் பிறகுதான் என் பல்கலைக்கழகத் தோழர்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒருவர் வீட்டில் கூடிப் போக்கர் ஆடத் தொடங்கினார்கள். தலைக்குப் பத்து வெள்ளி. முதல் இரண்டு மாதம் வேடிக்கை பார்த்தேன். மூன்றாவது மாதம் உட்கார்ந்தேன். பிரியாணிக்காகப் போனேன் என்று அம்மாவிடம் சொன்னேன். பிரியாணி இருந்தது உண்மைதான்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு, மற்றவர் பார்க்காதபடி. மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. இந்த ஏழில் சிறந்த ஐந்தை யார் சேர்க்கிறார்களோ அவருக்கு வெற்றி. இடையில் நான்கு முறை பணம் கட்டும் சுற்று வரும். ஒவ்வொரு முறையும் கட்டலாம், கூட்டலாம், அல்லது சீட்டைக் கவிழ்த்துவிட்டு விலகலாம். கடைசியில் மற்ற எல்லாரும் விலகிவிட்டால், கையில் ஒன்றுமே இல்லாதவர்கூட ஜெயித்துவிடுவார். சீட்டு பாதி, ஆள் பாதி.

நமக்கு வாய்க்கும் சீட்டு பெரும்பாலும் குப்பை. இரண்டு ஏஸ் ஒன்றாக வருவது 221 ஆட்டத்துக்கு ஒரு முறைதான். மேசையில் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய முப்பது ஆட்டம் நடக்கும். ஆக, நல்ல ஆட்டக்காரர் செய்யும் முக்கியமான வேலை விலகுவது. ஐந்தில் நான்கு முறை சீட்டைப் பார், கவிழ், காத்திரு. இதுதான் என்னை இழுத்தது. அப்பாவுக்குத் தெரியாத ஒன்றை இந்த ஆட்டம் கற்றுக்கொடுக்கிறது என்று நினைத்தேன்.

போட்டியாக ஆடும்போது இன்னொரு வசதியும் உண்டு. ஆரம்பத்தில் ஒரே ஒரு தொகை கட்டுகிறோம். அதற்கு ஈடாகச் சில்லுகள் தருவார்கள். அவற்றை யாரும் காசாக மாற்ற முடியாது. சில்லு தீர்ந்தால் வெளியே. கடைசிவரை தாக்குப்பிடிப்பவர்களுக்குப் பரிசு. எவ்வளவு தோற்பேன் என்பது உட்காரும் முன்பே தெரியும். இதை எனக்கு நானே பல முறை சொல்லிக்கொண்டேன்.

2003ல் கிறிஸ் மணிமேக்கர் என்ற அமெரிக்கக் கணக்காளர், இணையத்தில் நடந்த தகுதிச் சுற்றில் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி, லாஸ் வேகஸ் உலகப் போட்டிக்குள் நுழைந்து, 838 பேரைக் கடந்து 25 லட்சம் டாலர் வென்றார். 'பணம் பண்ணுபவர்' என்பது அவருடைய உண்மையான குடும்பப் பெயர். அவருக்குப் பிறகுதான் எங்களைப் போன்ற அலுவலகக்காரர்கள் உலகெங்கும் இந்த மேசைகளை நிரப்பத் தொடங்கினார்கள். எங்கள் குழுவில் நால்வர் மணிலாவுக்குக் கிளம்பியதற்கும் அந்தக் கதைக்கும் தொடர்பு உண்டு. அம்மாவிடம் "ஃபிரெண்ட்ஸோட டூர்" என்றேன்.

கை நடுங்கினால் நல்ல சீட்டு

சிங்கப்பூரிலிருந்து மணிலா மூன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதல். வளைகுடாவை ஒட்டிப் பெரிய பெரிய விடுதிகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் ஒன்றின் மாடியில் போட்டி. நுழைவுத் தொகை 11,500 பெசோ, நம் காசுக்குச் சுமார் 270 வெள்ளி. அதில் 10,000 பரிசுப் பணத்துக்கு, 1,500 நடத்துபவர்களுக்கு. "ஒரே ஒரு தடவை. தோத்தா கடற்கரைக்குப் போயிடணும்" என்று நால்வரும் காலை உணவின்போது சத்தியம் செய்துகொண்டோம்.

அரங்குக்குள் நுழைந்ததும் முதலில் காதில் விழுந்தது சில்லுகளின் சத்தம். இருபது மேசைகளில் எல்லாரும் கைவிரல்களால் சில்லுகளைக் கலைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தகரக் கூரையில் மழை பெய்வது போல் இருந்தது.

என் மேசையில் நான் மட்டும்தான் பெண். ஒரு கொரியர், இரண்டு ஜப்பானிய இளைஞர்கள், தொப்பி போட்ட ஓர் ஆஸ்திரேலியர், மற்றவர்கள் பிலிப்பீன்ஸ்காரர்கள். பக்கத்தில் அறுபது வயதுப் பெரியவர் ஒருவர். ஒவ்வொரு முறையும் "குட் லக், மேடம்" என்பார். இரண்டாவது ஆட்டத்திலேயே எனக்கு இரண்டு பத்து வந்தது. சில்லை முன்னால் தள்ளும்போது கை நடுங்கி, மேல் சில்லு இரண்டு உருண்டு விழுந்துவிட்டன. எட்டுப் பேரும் உடனே விலகிவிட்டார்கள்.

"மேடம், உங்க கை நடுங்கினா நல்ல சீட்டுன்னு அர்த்தம்" என்று பெரியவர் இடைவேளையில் சிரித்தபடி சொன்னார். "பயத்துல நடுங்கறவங்க குறைவு. சந்தோஷத்துல நடுங்கறவங்கதான் அதிகம்."

போக்கர் உலகில் இது பழைய பாடமாம். மைக் காரோ என்ற ஆட்டக்காரர் 1984லேயே இப்படிப்பட்ட உடல் சைகைகளுக்கென்று ஒரு புத்தகம் போட்டிருக்கிறார். பலவீனமான கை உள்ளவர் பலசாலியாக நடிப்பார், பலமான கை உள்ளவர் பாவமாக நடிப்பார் என்பது அவர் சொன்னதன் சாரம்.

எனக்கு முகம் வேலைக்கு ஆகாது என்பது அப்போதே புரிந்துவிட்டது. வானொலியில் முகத்தை மறைத்துக்கொண்டு குரலைக் கொடுப்பவள் நான். இங்கே குரலை மறைத்துக்கொண்டு முகத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. தூக்கம் இல்லாத காலைகளிலும் உற்சாகமாக 'வணக்கம்' சொல்லத் தெரியும். சும்மா இருக்கத் தெரியாது.

ஆனால் காது கைகொடுத்தது. நேயர் அழைப்பில் பேசுகிறவர் மூச்சு இழுக்கும் விதத்திலேயே, சொல்லப்போவது பொய்யா, அழப்போகிறாரா என்று ஓரளவு பிடிபடும். ஆஸ்திரேலியர் ஓயாமல் பேசிக்கொண்டே ஆடுபவர். நல்ல சீட்டு வந்தால் பேச்சின் நடுவில் ஒரு சின்னத் தடங்கல் வரும். இல்லாவிட்டால் ஓட்டமாகப் பேசுவார். அதை வைத்து அவரிடம் இரண்டு முறை சரியாக விலகினேன், ஒரு முறை சரியாக எதிர்த்தேன்.

மூன்று மணி நேரம் போனது. 25,000 சில்லுடன் தொடங்கி 23,000ல் இருந்தேன். அப்போது எனக்கு இரண்டு ராஜா வந்தது.

கூட்டினேன். ஜப்பானிய இளைஞர் ஒருவர் தம்மிடம் இருந்த சில்லு முழுவதையும் முன்னால் தள்ளினார். அவரிடம் என்னைவிட அதிகம் இருந்தது. நானும் எல்லாவற்றையும் வைத்தேன். சீட்டைத் திருப்பினோம். அவரிடம் ஏஸ், ராணி. பத்து முறை இப்படி மோதினால் ஏழு முறை ராஜாக்களே ஜெயிக்கும். நடுவில் ஒன்பது, நாலு, இரண்டு விழுந்தது. பிறகு ஏழு. மூச்சை விட்டேன். கடைசிச் சீட்டு ஏஸ்.

பெரியவர் தலையை ஆட்டினார். "நல்லா ஆடினீங்க, மேடம்." நான் தப்பே செய்யவில்லை. ஆனாலும் எழுந்திருக்க வேண்டியதாகிவிட்டது.

கவுண்டர் முன்னால்

இங்கேதான் நான் இதுவரை சொல்லாமல் விட்ட ஒரு விதி வருகிறது. முதல் நான்கு மணி நேரத்துக்குள் வெளியேறியவர்கள், மறுபடியும் 11,500 பெசோ கட்டி, புதிதாக 25,000 சில்லு வாங்கிக்கொண்டு உள்ளே வரலாம். எவ்வளவு தோற்பேன் என்பது முன்பே தெரியும் என்று எழுதினேன் அல்லவா? அந்தக் கணக்கில் இந்த ஓட்டை இருந்தது. அது எனக்கு முன்பே தெரியும். அதனால்தானே காலையில் சத்தியம் தேவைப்பட்டது?

என் தோழர்களில் ஒருவர் ஏற்கெனவே வெளியேறிக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார். மற்ற இருவரும் ஆடிக்கொண்டிருந்தார்கள், என்னைப் பார்க்கவில்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு அரங்குக் கதவை நோக்கி நடந்தேன். கதவுக்குப் பக்கத்தில் கவுண்டர். வரிசையில் ஐந்து பேர். எல்லாருமே அப்போதுதான் தோற்றவர்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லாரும் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறாவதாக நின்றேன்.

பையில் அம்மாவுக்குக் கைப்பை வாங்கவென்று வைத்திருந்த பணம் இருந்தது. மனத்துக்குள் வாதம் ஓடியது. நான் தப்பாக ஆடவில்லை. பத்தில் ஏழு எனக்குச் சாதகம். இந்த மேசையில் நான் மோசமான ஆட்டக்காரி இல்லை. இவ்வளவு தூரம் விமானத்தில் வந்து மூன்று மணி நேரத்தில் எழுந்துபோவதா? எல்லாமே நியாயமான வாதங்கள். எல்லாமே ஆங்கிலத்தில் ஓடின. அவற்றுக்கு அடியில், தமிழில், ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. போட்டதை எடுக்கணும்ல.

குரலைப் பிழைப்பாகக் கொண்டவள் நான். அது யார் குரல் என்று எனக்குத் தெரியாமல் போகுமா? அப்பா வரிசையில் எனக்குப் பின்னால் நிற்பது போல் இருந்தது. அவர் எப்படி நின்றிருப்பார் என்று அன்றுவரை நான் யோசித்ததே இல்லை. அவர் முட்டாள் என்று நினைத்திருந்தேன். வரிசையில் நின்றபோதுதான் தெரிந்தது, அவருக்கும் நியாயமான வாதங்கள் இருந்திருக்கும்.

இந்த இடத்தில் 'வரிசையிலிருந்து விலகி நடந்தேன்' என்று எழுதினால் கட்டுரை அழகாக முடியும். அது நடக்கவில்லை. "ரீ-என்ட்ரி, மேடம்?" என்று அந்தப் பெண் கேட்டாள். பணத்தைக் கொடுத்தேன். கை நடுங்கவே இல்லை.

இரண்டாவது உயிர்

வேறு மேசை. வேறு முகங்கள். இந்த முறை ஒலிபரப்புக்கூடத்துப் பழக்கம் ஒன்றைக் கையில் எடுத்தேன். சிவப்பு விளக்கு எரிவதற்கு முன் மூச்சை முழுவதும் வெளியே விட்டுவிட்டுத்தான் பேசத் தொடங்குவோம்; குரல் நடுங்காது. சில்லைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் அதைச் செய்தேன். நல்ல சீட்டானாலும் கெட்ட சீட்டானாலும் ஒரே வேகத்தில் கை போய் வந்தது.

இரவு எட்டு மணி வாக்கில் ஓர் ஆட்டம். ஒரு மணி நேரமாக நான் விலகிக்கொண்டே இருந்தேன். ஒன்பது, எட்டு என்ற சுமாரான சீட்டோடு உள்ளே போனேன். நடுவில் ஏஸ், ராஜா, நாலு. என் கைக்கு ஒன்றும் சேரவில்லை. ஆனால் ஒரு மணி நேரம் சும்மா இருந்த பெண், ஏஸ் விழுந்ததும் பணம் கட்டினால் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? கட்டினேன். எதிரே ஒரு கொரியர் மட்டும் மிஞ்சினார். அடுத்த சீட்டிலும் கட்டினேன். கடைசிச் சீட்டில் என்னிடம் இருந்த அனைத்தையும் முன்னால் வைத்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். சில்லை எண்ணினார். மறுபடி என்னைப் பார்த்தார். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். ஐந்து விநாடி மௌனத்துக்கே வேலை போய்விடுமோ என்று பயப்படும் எனக்கு இரண்டு நிமிடம். நடுச் சீட்டில் இருந்த ராஜாவின் மீசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு ஜாக்குகளைத் திருப்பிக் காட்டிவிட்டு விலகினார். என்னைவிட நல்ல கை. என் சீட்டை நான் காட்டவில்லை. அந்த நேரத்தில் உடம்பில் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. அப்படி ஓர் உணர்வை மேடையிலும் அனுபவித்ததில்லை, ஒலிவாங்கிக்கு முன்னும் அனுபவித்ததில்லை. இதற்காகத்தான் மனிதர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள், பணம் வெறும் சாக்கு என்றுகூடத் தோன்றியது.

மொத்தம் 184 நுழைவுகள். 23 பேருக்குத்தான் பரிசு. 24 பேர் மிஞ்சியபோது அரங்கமே அடங்கிவிட்டது. அடுத்து வெளியேறுபவருக்கு ஒன்றும் கிடையாது. மாலையில் சிங்கம்போல் ஆடியவர்கள் எல்லாம் நல்ல சீட்டைக்கூடக் கவிழ்த்தார்கள். அரை மணிக்கு ஒரு முறை கட்டாயப் பந்தயம் ஏறிக்கொண்டே போனதால், என்னிடம் இன்னும் ஏழு முறை அதைக் கட்டுமளவுக்குத்தான் சில்லு மிச்சம். ஏஸ், ராஜா வந்தும் விலகினேன். இருபது நிமிடம் கழித்துப் பக்கத்து மேசையில் ஓர் இளைஞர் எழுந்து, முதுகுப்பையை மாட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தார். மற்ற எல்லாரும் மேசையைத் தட்டி ஆரவாரம் செய்தார்கள். நானும் தட்டினேன். அவர் கதவைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

இரவு பதினொரு மணிக்கு என் ஆட்டம் முடிந்தது. என் ஏஸ், பத்துக்கு எதிராக ஒருவரிடம் இரண்டு ஆறு. நடுவில் எனக்கு ஒன்றும் விழவில்லை. 19ஆம் இடம். பரிசு 26,000 பெசோ. கட்டியது 23,000. ஆக, லாபம் 3,000 பெசோ. நம் காசுக்கு எழுபது வெள்ளி.

போட்டதை எடுத்துவிட்டேன்.

அம்மாவின் கணக்கு

திரும்பி வந்து இரண்டு நாள் சும்மா இருந்தேன். மூன்றாம் நாள் இரவு, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பிரியாணி வீட்டிலிருந்து தொடங்கி 19ஆம் இடம் வரை. தோற்றிருந்தால் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. ஜெயித்ததால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். அதில் ஒரு பெருமையும் இருந்தது.

அம்மா கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எவ்வளவு போடணும்னு நெனச்சிட்டுப் போனே?"

"பதினோராயிரத்து ஐந்நூறு."

"எவ்வளவு போட்டே?"

"இருபத்து மூவாயிரம்."

"அப்போ எங்கேடி ஜெயிச்சே?"

என்னிடம் பதில் இல்லை. திறமை, நிகழ்தகவு, பத்தில் ஏழு என்று சொல்ல நிறைய இருந்தது. அவர் கேட்டது அதை இல்லை.

சிறிது நேரம் கழித்துக் கூடத்துப் படத்தைக் காட்டினார். "அந்தக் காப்பு எந்தக் காசுல வாங்கினது தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"நீ பொறந்து மூணாவது மாசம். யாரோ கூட்டாளி கூப்பிட்டாங்கன்னு மொத மொதல்ல குதிரை மேல காசு கட்டினாரு. ஜெயிச்சிட்டாரு. நேரா சிராங்கூன் ரோட்டுக்குப் போயி உனக்குக் காப்பு வாங்கிட்டு வந்தாரு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நானே உன் கையில போட்டுவிட்டேன். அன்னைக்கு மட்டும் அவர் தோத்திருந்தா..." அதோடு நிறுத்திவிட்டார்.

காலை நிகழ்ச்சியில் நாளுக்கு ஒரு குறள் சொல்கிறேன். அதிகாரம் 94, சூது. அதன் முதல் குறளில் வள்ளுவர் தோல்வியைப் பற்றிப் பேசவில்லை. வெற்றியைப் பற்றித்தான் எச்சரிக்கிறார். சூதில் கிடைக்கும் வெற்றி, மீன் இரை என்று விழுங்கும் தூண்டில் என்கிறார். எத்தனையோ முறை ஒலிவாங்கியில் விளக்கம் சொல்லியிருக்கிறேன். அம்மா கீரை ஆய்ந்துகொண்டே சொன்ன அளவுக்கு எனக்கு ஒரு தடவையும் சொல்ல வந்ததில்லை.

முதல் சனிக்கிழமைகளில் இப்போதும் ஆடுகிறேன். பத்து வெள்ளி. அம்மாவுக்குத் தெரியும். பத்து வெள்ளி தீர்ந்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுகிறேன். தோழர்கள் கிண்டல் செய்கிறார்கள். இந்த ஆட்டம் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதை மறைக்கப்போவதில்லை. பிடித்திருக்கிறது என்பதால்தான் பயமாகவும் இருக்கிறது.

கழுகுப் படம் போட்ட மூன்று ஆயிரம் பெசோ நோட்டுகள் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. மாற்றினால் எழுபது வெள்ளி கிடைக்கும். இன்னும் மாற்றவில்லை.

இந்த ஆண்டும் மணிலா போகலாம் என்று தோழர்கள் கேட்கிறார்கள். நான் பதில் சொல்லவில்லை. சொல்வதாக இருந்தால் முதலில் அம்மாவிடம்தான் சொல்வேன். இந்த முறை போவதற்கு முன்பே.